பழைய கேமராவும் புதிய ரோலும்

2024 ஜூன் மாதம் ஜப்பானின் ரிக்கோ நிறுவனம் பென்டாக்ஸ் 17 என்றொரு கேமராவை விற்பனைக்கு விட்டது. அதில் சென்சார் இல்லை, பின்பக்கத் திரை இல்லை, மெமரி கார்டு செருக இடமில்லை. 35 மி.மீ. பிலிம் ரோலை மாட்டி, ஒவ்வொரு படம் எடுத்ததும் வலது கட்டைவிரலால் லீவரைத் தள்ளிச் சுருளை நகர்த்த வேண்டும். இந்த லீவரைச் செய்வதே வடிவமைப்புக் குழுவுக்குப் பெரும்பாடாகிவிட்டது. பென்டாக்ஸ் புதிதாக ஒரு பிலிம் கேமராவை வடிவமைத்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. பல்சக்கரங்களும் ஸ்பிரிங்குகளும் ஒன்றையொன்று எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதைக் கைப்பழக்கமாக அறிந்தவர்கள் ஓய்வு பெற்றுப் போயிருந்தார்கள். டக்கேயோ சுசுகி தலைமையிலான குழு பழைய வரைபடங்களைத் தேடி எடுத்தது. அவை மட்டும் போதாமல் ஓய்வுபெற்ற மூத்தவர்களிடமும் கேட்டுக் கற்றுக்கொண்டது.

அந்தக் கேமராவில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. அது வழக்கமான சட்டத்தில் பாதியை மட்டும் பயன்படுத்துகிறது. 36 படத்துக்கான ரோலில் 72 எடுக்கலாம். ரோல் படுக்கைவாட்டில் ஓடுவதால் பாதிச் சட்டம் நெட்டையாக விழும். கேமராவைச் சாதாரணமாகப் பிடித்தாலே படம் செங்குத்தாக வரும். போனை நிமிர்த்திப் பிடித்துப் படம் எடுத்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிய வடிவம் என்று ரிக்கோவே காரணம் சொன்னது. டிஜிட்டல் சலித்தவர்களுக்காக வந்த கேமராவின் சட்டத்தை ஸ்மார்ட்போன் தீர்மானித்திருக்கிறது. இன்றைய பிலிம் மோகத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த முரணை மறந்துவிட்டு, பழமைக்குத் திரும்புகிறார்கள், இயற்கைக்குத் திரும்புகிறார்கள் என்று எழுதித் தள்ளுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

முதலில் பிலிம் எப்படிச் செத்தது என்று பார்க்கலாம். 1975இல் கோடாக் ஆய்வகத்தில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் உருவாக்கிய டிஜிட்டல் கேமராவில் மொத்தம் 10,000 புள்ளிகள். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடா கேசட்டில் பதிய 23 விநாடி ஆனது. அது பிலிமை அசைக்க இன்னும் கால் நூற்றாண்டு பிடித்தது. அசைத்த பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. 2004இல் அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் பிலிம் கேமரா விற்பதை நிறுத்தப்போவதாகக் கோடாக் அறிவித்தது. அதே ஆண்டு இங்கிலாந்தின் இல்ஃபோர்டு கடனில் மூழ்கியது. 2005இல் அக்பா போட்டோ திவால். 2006இல் கோனிகா மினோல்டா புகைப்படத் தொழிலையே கைகழுவியது. 2008இல் போலராய்டு தன் உடனடிப் பிலிமை நிறுத்தியது. கடைசியாக 2012 ஜனவரியில் கோடாக்கே திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது.

பிலிமைக் கொன்ற டிஜிட்டல் கேமராவும் நெடுநாள் வாழவில்லை. ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் கூட்டமைப்பு தரும் கணக்கின்படி, 2010இல் உலகெங்கும் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் ஏறக்குறைய 12.1 கோடி. 2023இல் அது 77 லட்சம். போன் வந்து தின்றுவிட்டது. ஆகவே இன்று கையில் ஒரு பிலிம் கேமராவை எடுக்கும் இருபது வயதுக்காரர் டிஜிட்டல் கேமராவை விட்டு அதற்கு வரவில்லை; போனிலிருந்து வருகிறார். கேமரா என்று தனியாக ஒரு பொருள் இருந்ததே பலருக்குப் புதுச் செய்தி.

இதனால்தான் 'பழைய நினைவு' என்ற விளக்கம் பாதி தூரம்தான் செல்லும். தொண்ணூறுகளில் கோடாக் கேபி10 கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கொடைக்கானல் போய்வந்தவருக்கு அது நினைவு. அவருடைய மகளுக்கு அப்படி எந்த நினைவும் இல்லை. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு வினைல் இசைத்தட்டுகள் எண்ணிக்கையில் குறுந்தகடுகளை முந்தின. 1987க்குப் பிறகு அப்படி நடப்பது அதுவே முதல்முறை. வாங்கியவர்களில் பலர் 1987இல் பிறந்திருக்கவே மாட்டார்கள். அவர்களுக்கு இது திரும்பக் கிடைத்த பழசு இல்லை, புதிதாகக் கிடைத்த ஒன்று.

அப்படியென்றால் எதுதான் ஈர்க்கிறது? ஆர்வலர்களைக் கேட்டால் ஒரே பதில் திரும்பத் திரும்ப வரும்: பிலிம் நம்மை நிதானப்படுத்துகிறது, 36 தான் இருக்கிறது என்பதால் யோசித்து எடுக்கிறோம். உண்மைதான், ஆனால் இது பிலிமின் குணம் என்று சொல்வதற்கு வரலாறு இடம் தராது. பிலிம் மட்டுமே இருந்த காலத்தில் முகூர்த்த நேரத்தில் மணமேடைக்கு முன்னால் நின்ற ஸ்டூடியோக்காரரிடம் நிதானத்தைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும்! தாலி கட்டுகிற நொடியில் ரோல் தீர்ந்துபோய், உதவியாளரிடமிருந்து இரண்டாவது கேமராவைப் பிடுங்கி, பிளாஷ் ஏறுமுன் அமுக்கி, வந்தது பாதி வராதது பாதி. பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் மோட்டார் பொருத்திய கேமராவில் விநாடிக்கு ஐந்து படம் தள்ளினார்கள். வரம்பற்ற படம் எல்லோருக்கும் கைவசமான பிறகுதான் வரம்பு ஒரு சுவையாக மாறியது. பிலிமின் நிதானத்தைக் கண்டுபிடித்ததே டிஜிட்டல்தான்.

செலவும் இதில் வேலை செய்கிறது. இந்தியாவில் இன்று ஒரு கலர் ரோலையும் அதைக் கழுவி ஸ்கேன் செய்யும் கூலியையும் சேர்த்தால் ஒவ்வொரு அமுக்கலுக்கும் முப்பது நாற்பது ரூபாய் ஆகிவிடுகிறது. காசு கணக்கு ஓடும்போது கை தானாகவே தயங்கும். அந்தத் தயக்கத்தைத் தியானம் என்று அழைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் சிரிப்பு வருகிறது.

என் பார்வையில் உண்மையான ஈர்ப்பு வேறிடத்தில் இருக்கிறது: பிலிமில் படம் ஒரு பொருளாக உண்டாகிறது, அதை உண்டாக்கும் வேலையில் நம் கையும் சேர்கிறது. வெள்ளி ஹேலைடு படிகத்தின் மேல் ஒளி விழுகிறது. சில வெள்ளி அணுக்கள் மட்டும் ஓரிடத்தில் திரள்கின்றன. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. டெவலப்பரில் இறக்கும்போது அந்தச் சிறு திரளை முளையாகக் கொண்டு படிகம் முழுவதும் கறுத்த வெள்ளியாக மாறுகிறது. பெருக்கம் கோடி மடங்குகளில். பிறகு ஹைப்போ: ஒளி படாத மிச்சத்தை அது கரைத்து வெளியேற்றும். 1819இல் ஜான் ஹெர்ஷல் கண்ட இந்தக் கரைக்கும் குணம்தான் இருபது ஆண்டுகள் கழித்துப் புகைப்படத்தை நிலைக்கவைத்தது. இன்றும் அதே உப்புக் குடும்பம்தான்.

இந்த வேலையைச் சென்னையில் வீட்டுக் குளியலறையில் செய்பவர்களுக்கு ஒரு தனி அவஸ்தை உண்டு. கறுப்பு வெள்ளை டெவலப்பருக்குப் புத்தகங்கள் எழுதிவைத்த வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். மே மாதம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாயில் வருவதைக் கையால் தொடவே முடியாது. ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, டெவலப்பர் பாத்திரத்தைச் சுற்றி வாளியில் மிதக்கவிட்டு, வெப்பமானியை உற்றுப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். டெவலப்பர் குளிர்ந்தும் கழுவும் தண்ணீர் சூடாகவே இருந்தால் ஜெலட்டின் சட்டென்று ஊதிச் சுருங்கி, நெகட்டிவ் முழுக்கப் பாளம்பாளமாக வெடித்த வயல் மாதிரி கோடு விழும். இதற்கு நேர்மாறாக, கடினமானது என்று பெயரெடுத்த கலர் பிலிம் நம் ஊருக்கு ஏற்றது. 1972இல் கோடாக் கொண்டுவந்த சி-41 முறையின் டெவலப்பருக்கு வேண்டியது 37.8 டிகிரி, வெந்நீரில் ஒரு கலம், மூன்றேகால் நிமிடம், அவ்வளவுதான். டப்பாவைத் திறந்து ஈரச் சுருளை வெளிச்சத்தில் விரிக்கும்போது, தலைகீழ் நிறங்களில் ஆட்கள் நிற்பார்கள். தொட்டால் விரலில் ஒட்டும் பதம். போனில் எடுத்த ஆயிரம் படத்தில் ஒன்றைக்கூட அப்படித் தொட முடியாது.

ஆனால் கைவேலை என்று நாம் கொண்டாடும் இது தொடங்குவதே ஒரு ராட்சத ஆலையில். ஆர்வத்தைப் பற்றிய பேச்சில் இந்தப் பகுதிதான் விட்டுப்போகிறது.

கேமராவை ஒரு மெக்கானிக் திறந்து சரிசெய்துவிடலாம். பிலிமை யாரும் வீட்டில் செய்துவிட முடியாது. மெல்லிய அசிட்டேட் அல்லது பாலியெஸ்டர் தளத்தின் மேல் ஜெலட்டினில் கலந்த வெள்ளிப் படிகங்களை முழு இருட்டில், மைல் கணக்கான நீளத்துக்கு, ஒரு மைக்ரான் கூடாமல் குறையாமல் பூச வேண்டும். கலர் பிலிமில் இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட அடுக்குகள். அத்தனையும் சேர்ந்தாலும் ஒரு தலைமுடியின் தடிமன் வராது. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் கோடாக்கின் 38ஆம் எண் கட்டடத்தில் இந்த வரிசை ஓடுகிறது. தளத்தின் அகலம் ஏறக்குறைய 1.37 மீட்டர். அந்த இருட்டில் நடமாடப் பழகிய தொழிலாளியை உருவாக்கவே காலம் ஆகும்.

மூலப்பொருளும் எளிதில் வசப்படாது. ஜெலட்டின் என்பது மாட்டெலும்பிலும் தோலிலும் எடுப்பது. 1920களில் சில தொகுதி ஜெலட்டினில் செய்த பிலிம் மட்டும் ஒளிக்கு நன்றாக எதிர்வினை காட்டியது, சில மந்தமாக இருந்தன. கோடாக் ஆய்வாளர் சாமுவேல் ஷெப்பர்டு துருவிப் பார்த்தபோது காரணம் கடுகுக் குடும்பத்துச் செடிகள் என்று தெரிந்தது. அவற்றைத் தின்ற மாட்டின் ஜெலட்டினில் கந்தகச் சேர்மம் சிறிதளவு தங்கியிருந்தது. அதுவே படிகத்தைக் கூர்மையாக்கியது. இன்னொரு சம்பவம் இதைவிடத் திகைப்பானது. 1945இல் கோடாக்கின் எக்ஸ்ரே பிலிம்களில் விளங்காத புள்ளிகள் விழுந்தன. பொதி அட்டை வந்த இண்டியானா ஆலையின் ஆற்றுநீரில் கதிரியக்கத் தூசு கலந்திருந்தது. நியூ மெக்சிகோவில் யாருக்கும் சொல்லாமல் வெடித்துப் பார்த்த முதல் அணுகுண்டின் தூசு அது.  இவ்வளவு நுட்பமான பொருளைச் சின்னப் பட்டறையில் செய்துவிடலாம் என்று நம்புவது கடினம்.

ஆலை நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்குக் கோடாக்ரோம் சாட்சி. 1935இல் இரண்டு இசைக்கலைஞர்கள், லியோபோல்டு மானஸும் லியோபோல்டு கோடோவ்ஸ்கியும், உருவாக்கிய அந்த ஸ்லைடு பிலிமில் நிறம் பிலிமுக்குள் இருக்காது. கழுவும்போது லேபில்தான் ஏறும். 2009இல் கோடாக் உற்பத்தியை நிறுத்தியது. உற்பத்தியான கடைசி ரோலை ஸ்டீவ் மெக்கரி வாங்கி, அதில் சில படங்களை இந்தியாவில் எடுத்தார். உலகில் மிஞ்சியிருந்த ஒரே லேப், கான்சாஸ் மாநிலம் பார்சன்ஸ் என்ற சிற்றூரில், 2010 டிசம்பர் 30ஆம் தேதியோடு ரோல்களை வாங்குவதை நிறுத்தியது. இன்று யாரிடமாவது கழுவாத கோடாக்ரோம் ரோல் இருந்தால் அதைக் கறுப்பு வெள்ளையாகத்தான் கழுவ முடியும். கேமரா இருக்கிறது, ரோலும் இருக்கிறது, நிறம் மட்டும் போய்விட்டது.

போலராய்டின் கதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது. நெதர்லாந்தின் என்ஷெடேயில் இருந்த கடைசி ஆலையை 2008இல் சில ஆர்வலர்கள் மீட்டார்கள். இயந்திரம் கிடைத்தது, உள்ளே போட வேண்டிய வேதிப்பொருட்களைத் தயாரித்தவர்கள் கடையைக் கட்டியிருந்தார்கள். படத்தையே மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. 2010இல் வந்த முதல் பிலிம் வெளுத்தும் வழிந்தும் கிடந்தது. சரிசெய்ய ஆண்டுகள் ஆயின. மாறாக, ஆலையை நிறுத்தாமல் வைத்திருந்த பியூஜி பிலிமுக்கு இன்ஸ்டாக்ஸ் கொட்டிக் கொடுக்கிறது. 1998இல் வந்து, பின்னர் ஏறக்குறைய மறக்கப்பட்ட அந்தக் கேமரா 2018 நிதியாண்டில் ஒரு கோடிக்கும் மேல் விற்றது. அழகுசாதனப் பொருட்களுக்கும் மருந்துக்கும் தாவி டிஜிட்டல் சுனாமியைத் தப்பிய நிறுவனம், கடைசியில் வேதியியல் படத்திலும் சம்பாதிக்கிறது.

இப்போது பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். பிலிம் ஆர்வத்தில் பெரும்பகுதிப் பணம் பழைய கேமராக்களில் புரள்கிறது. 2017இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு மாடல் கெண்டல் ஜென்னர் கான்டாக்ஸ் டி2 கேமராவோடு வந்தார். 1990இல் வெளியான அந்தச் சிறு கேமராவின் விலை அதன்பின் எட்டாத உயரத்துக்குப் போனது. அந்தப் பணத்தில் ஒரு பைசாகூடப் பிலிம் ஆலைக்குப் போவதில்லை. போதாதற்கு, மின்னணு உறுப்புகளை நம்பி ஓடும் அந்த வகைக் கேமரா உள்ளே பழுதானால் மாற்றுப் பாகமே கிடையாது. பேட்டரி இல்லாமலும் ஷட்டர் வேலைசெய்யும் பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எப்எம்2 போன்றவற்றை வாங்குவதே புத்திசாலித்தனம். நம் ஊர்ப் பழுதுபார்ப்பவர்களும் அதைத்தான் சொல்வார்கள்.

அவர்களிடம் சென்னைக் கேமரா ஒன்றைக் கொண்டுபோனால் முதலில் லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். கடற்கரை ஊர்களில் பீரோவுக்குள் தோலுறையோடு பத்தாண்டு கிடந்த லென்ஸில் பூஞ்சை வலைபோலப் படர்ந்திருக்கும். ஈரத்தை ஊறவைத்துப் பூஞ்சையை வளர்ப்பதே அந்த அழகான தோலுறைதான். ஆரம்பத்தில் பிடித்தால் துடைத்துவிடலாம். கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் தழும்பு போகாது. அடுத்ததாகப் பின்கதவைத் திறந்து ஓரங்களில் விரலை வைப்பார்கள். ஒளி புகாமல் இருக்க ஒட்டிய பஞ்சு, தார்போலப் பிசுபிசுத்து விரலில் வரும். அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாக ஒட்டுவது அரை நாள் வேலை. இந்த வேலை தெரிந்தவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். அடுத்த தலைமுறை போன் டிஸ்பிளே மாற்றுகிறது.

பழைய கேமரா இப்படிப் பராமரிப்பில் ஐம்பது ஆண்டு ஓடும். ரோலுக்கு இரண்டு மூன்று ஆண்டில் காலாவதி. ஆகவே இந்த ஆர்வத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது தொடர்ந்து ஓடும் பூச்சு இயந்திரம். அதை ஓடவைத்துக் காத்தது அமெச்சூர் புகைப்படக்காரர்களின் காதல் என்று சொன்னால் கேட்க இனிமையாக இருக்கும். உண்மையில் காத்ததில் பெரும்பங்கு சினிமாவுடையது. கோடாக் 2006இல் விற்ற சினிமா பிலிம் 1,240 கோடி அடி. 2014இல் அது 45 கோடி அடிக்குக் கீழே சரிந்தது. ஆலையை மூடும் பேச்சு எழுந்தபோது கிறிஸ்டோபர் நோலன், குவென்டின் டாரன்டினோ, ஜே.ஜே. ஆப்ராம்ஸ் முதலியோர் ஹாலிவுட் ஸ்டூடியோக்களை நெருக்கினார்கள். எத்தனை படம் பிலிமில் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு வாங்குகிறோம் என்று 2015இல் ஆறு பெரிய ஸ்டூடியோக்கள் ஒப்பந்தம் போட்டன. சினிமாச் சுருளும் புகைப்பட ரோலும் ஒரே ஆலையில், ஒரே வகை இயந்திரத்தில் பூசப்படுபவை. ஒன்று நின்றால் மற்றதன் அடக்கவிலை தாங்காது. நோலனின் 'ஓப்பன்ஹைமர்' படத்துக்காகக் கோடாக் 65 மி.மீ. கறுப்பு வெள்ளைச் சுருளைத் தனியாகத் தயாரித்துக் கொடுத்தது. 2023இல் வெளியான அந்தப் படத்தின் ஐமாக்ஸ் பிரதி 17 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், 270 கிலோ எடை.

கடையில் இன்று ரகரகமான பெட்டிகள் தெரிகின்றன. பின்னால் இருக்கும் ஆலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பியூஜி பெயரில் அமெரிக்காவில் விற்கும் கலர் ரோல்கள் சிலவற்றில் அமெரிக்காவில் செய்தது என்று அச்சாகியிருக்கிறது. அவை கோடாக் வரிசையில் பூசப்பட்டவை என்பது துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. 2012இல் நிறுத்திய எக்டாக்ரோமைக் கோடாக் 2018இல் மறுபடி கொண்டுவந்ததும், 2022இல் ரோச்செஸ்டர் ஆலைக்கு ஆள் கிடைக்காமல் தேடியதும், 2024 நவம்பரில் இயந்திரங்களைப் புதுப்பிக்க உற்பத்தியைச் சில வாரம் நிறுத்தியதும் நல்ல அறிகுறிகள். இல்ஃபோர்டு வழிவந்த ஹார்மன் நிறுவனம் 2023இல் பீனிக்ஸ் என்ற பெயரில் தானே முழுதும் செய்த முதல் கலர் பிலிமை வெளியிட்டது. நிறம் கொஞ்சம் முரட்டுத்தனம்தான். ஆனால் நெடுங்கால அனுபவமுள்ள கோடாக்கோடு அதை ஒப்பிடுவது நியாயமில்லை.

பிலிமின் நிறம் பற்றியும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'பிலிம் கலர்' என்று இன்ஸ்டாகிராமில் ரசிக்கப்படும் இளம்பச்சை நிழலும் பாலேறிய தோல்நிறமும் பெரும்பாலும் பிலிமிலிருந்து நேரே வந்தவை அல்ல. கலர் நெகட்டிவில் ஆரஞ்சுத் திரைக்குப் பின்னால் தகவல் இருக்கிறது, முடிந்த நிறம் இல்லை. அதை நேர்ப்படமாக்கும்போது யாரோ நிறத்தை முடிவு செய்ய வேண்டும். முன்பு பிரிண்ட் போட்டவர் செய்தார். இன்று ஸ்கேனர் செய்கிறது. லேபுகள் கையாளும் ஸ்கேனர்கள் பியூஜியின் பிரான்டியர், ஜப்பானின் நோரிட்சு வகைகள். தெருவுக்கொரு மினி லேப் இருந்த காலத்தில் வந்தவை, பாகங்களுக்குத் திண்டாட்டம். அவற்றின் மென்பொருள் எழுதியவர்களின் ரசனையையே இன்றைய இளைஞர்கள் பிலிமின் ஆன்மா என்று நம்புகிறார்கள். ஸ்கேன் கோப்பு போனுக்கு வந்ததும் பலர் நெகட்டிவைத் திரும்ப வாங்கவே வருவதில்லை என்பது லேப்காரர்களின் வழக்கமான புலம்பல். மூலத்தை விட்டுவிட்டு நகலை எடுத்துக்கொண்டு போகிறார்கள். இதில் எனக்கு வருத்தம் உண்டு. டிஜிட்டல் கோப்பு வன்தட்டோடு சாகும், நெகட்டிவ் ஒழுங்காக வைத்தால் பேரப்பிள்ளைகள் வரை வரும். தமிழ்நாட்டில் மூடிய ஸ்டூடியோக்களின் கண்ணாடித் தட்டுகளும் நெகட்டிவ்களும் பழைய பேப்பர் கடைக்குப் போன கதையை நாம் ஏற்கெனவே பார்த்தாயிற்று.

நம்மிடம் ஆலையே இருந்தது என்பதை இன்றைய ஆர்வலர் பலர் அறியார். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்டு, பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். தூசற்ற குளிர்ந்த காற்றுக்காக நீலகிரியைத் தேர்ந்தெடுத்தார்கள். 'இந்து' என்ற பெயரில் அது செய்த கறுப்பு வெள்ளை ரோலும் அச்சுத்தாளும் ஸ்டூடியோக்களுக்கும், எக்ஸ்ரே பிலிம் மருத்துவமனைகளுக்கும், சினிமாச் சுருள் கோடம்பாக்கத்துக்கும் போயின. ஆயிரக்கணக்கானோர் அங்கே வேலை பார்த்தார்கள். ஊட்டியில் அந்தப் பகுதிக்கு இந்து நகர் என்றே பெயர். எண்பதுகளில் மக்கள் கலருக்கு மாறியபோது ஆலை கறுப்பு வெள்ளையிலேயே நின்றது. புதிய எக்ஸ்ரே பிலிம் ஆலைக்கு வாங்கிய கடன் வட்டியோடு கழுத்தை நெரித்தது, 1991க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. தொண்ணூறுகளின் நடுவிலேயே நலிந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது. ஆகவே ஊட்டி ஆலையை டிஜிட்டல் கொன்றது என்று சொல்வது சரியில்லை. டிஜிட்டல் வந்தபோது அது ஏற்கெனவே படுக்கையில் இருந்தது.

சீனாவின் பாவோடிங் நகரில் 1958இல் தொடங்கிய அரசு நிறுவனமான லக்கி பிலிமின் பாதை வேறு. அதுவும் கலர் ரோலை ஒருகட்டத்தில் நிறுத்தியது. ஆனால் பூசும் தொழிலை விடாமல் மற்றப் பொருட்களுக்குத் திருப்பி இயந்திரங்களையும் ஆட்களையும் வைத்துக்கொண்டது. இந்த ஆர்வ அலை எழுந்ததும் முதலில் கறுப்பு வெள்ளையையும், 2025இல் கலர் ரோலையும் சந்தைக்குக் கொண்டுவர முடிந்தது. ஊட்டியில் மறுபடி எடுத்து ஓட்ட இன்று இயந்திரமும் இல்லை, கை தெரிந்த ஆட்களும் இல்லை.

எனவே இந்திய ஆர்வலர் வழக்கமான ரோலுக்கு இறக்குமதி விலை கொடுக்கிறார், அல்லது சினிமாச் சுருளை நாடுகிறார். தமிழ் சினிமா 2004இல் பி.சி. ஸ்ரீராமின் 'வானம் வசப்படும்' படத்தோடு டிஜிட்டலைத் தொட்டு, பத்தாண்டுக்குள் முழுக்க மாறிவிட்டது; சென்னை லேபுகளின் கழுவும் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஆனால் கோடாக்கின் சினிமாச் சுருள் இன்னும் வாங்கக் கிடைக்கிறது. 400 அடிச் சுருள் ஒன்றை இருட்டில் வெட்டிப் பழைய கேசட்டுகளில் சுற்றினால் 36 படத்துக்கான ரோல்கள் எழுபதுக்கு மேல் தேறும். பழைய வகைச் சினிமாச் சுருளின் முதுகில் கரிப்பூச்சு ஒன்று இருக்கும். சமையல் சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைத்துத் துடைத்தால் கறுப்பாக வழிந்து வரும். இப்படிச் சுற்றிய ரோல்களைச் சிறு வியாபாரிகள் கைப்பட ஒட்டிய சீட்டோடு விற்கிறார்கள், கல்லூரி மாணவர்கள் வாங்குகிறார்கள். அதே சுருளைத்தான் ஹாலிவுட்டும் வாங்குகிறது. அங்கே ஸ்டூடியோக்கள் அடுத்த ஆண்டு எத்தனை அடிக்கு ஒப்பந்தம் போடுகின்றன என்பதைப் பொறுத்தே திருவல்லிக்கேணி மாணவர் கையில் இருக்கும் ரோலின் விலை ஏறும், இறங்கும்.